மாடியறைப் பட்டைத்திரை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது: மாற்றத்தான் வேண்டுமா, பழுது பார்க்க இயலுமா?

அரசலாற்றங்கரை (கும்பகோணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியறையில் மேற்குப் பார்த்த ஜன்னலில் அலுமினியப் பட்டைத்திரை ஒன்று 9 ஆண்டுகளாகத் தொங்குகிறது. அகலம் 3.5 அடி, உயரம் 5 அடி, பட்டை ஒவ்வொன்றும் 25 மில்லிமீட்டர். பிற்பகல் வெயிலைத் தடுப்பதில் இதுவரை ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் சென்ற மாதத்திலிருந்து, கயிற்றை இழுத்துத் திரையை மேலே நிறுத்தினால் வலப்பக்கம் தாழ்ந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் கள் குடித்தவன் வேட்டி கட்டியதைப் போல இருக்கிறது. நடுவில் ஒரு பட்டை மடங்கிப்போயிருக்கிறது, அது பேரனின் பந்து செய்த வேலை. பட்டைகளைத் திருப்புவதற்காகத் தொங்கும் கோலும் இப்போது சும்மா சுற்றுகிறதே தவிர, பட்டைகள் அசைவதில்லை.

வாங்கிய கடையில் கேட்டதற்கு, இவற்றையெல்லாம் பழுது பார்ப்பதில்லை, முழுவதையும் மாற்றிவிடுங்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன்; திருப்புளி பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதை முடிக்க வேண்டும் என்பது வீட்டில் இடப்பட்டுள்ள கட்டளை. அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


குடமுருட்டி (பாபநாசம்) எழுதியது:

வணக்கம் ஐயா. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கங்களில் திரை மாட்டும் வேலையை 20 ஆண்டுகளுக்கு மேல் செய்தவன் என்பதால் துணிந்து சொல்கிறேன்: நீங்கள் கூறிய மூன்று குறைகளில் ஒன்றுகூடத் திரையைத் தூக்கி எறிய வேண்டிய குறையன்று. கடைக்காரரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். ஒரு கயிற்றை மாற்ற அரை நாள் பிடிக்கும், அந்த அரை நாளுக்கு உரிய கூலியைக் கேட்டால் அதற்குப் புதிய திரையே வாங்கிவிடலாமே என்று வாடிக்கையாளரே சொல்வார். எனவே இது வீட்டிலிருப்பவர் தாமே உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டிய வேலை.

உறுப்புகளின் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால் முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜன்னலின் தலைமாட்டில் இருக்கும் நீளப் பெட்டியை மேற்சட்டம் என்கிறேன். பட்டைகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய நூல், ஏணியைப் போலக் குறுக்குப் படிகளோடு இருப்பதால் அது ஏணிக்கயிறு. திரையை உயர்த்துவது இழுகயிறு; உங்கள் அகலத்துக்கு அது இரண்டு சரங்களாக இருக்கும். இரண்டும் பட்டைகளின் துளை வழியாக இறங்கி, அடிச்சட்டத்துக்குக் கீழே முடிச்சிடப்பட்டு, ஒரு சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். மேற்சட்டத்தின் ஓரத்தில், கயிறு வெளியே வரும் இடத்தில் ஒரு பல்லுருளை இருக்கிறது. அதுதான் பூட்டு. கயிறு நேராகத் தொங்கும்போது உருளை தன் எடையால் இறங்கிக் கயிற்றை இறுக்கிப் பிடிக்கும். கயிற்றைத் திரையின் நடுப்பக்கமாகச் சாய்த்து இழுத்தால் உருளை விலகி விட்டுவிடும். சில திரைகளில் பக்கம் மாறி இருக்கும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். திரையைப் பாதி உயரத்துக்கு இழுத்து நிறுத்தி, அடிச்சட்டத்தின் இரு முனைகளும் ஜன்னல் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு வேறுபாடு இருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது என்று பொருள். அதை அவிழ்த்து, இரு பக்கமும் சமமாக வைத்து முடிச்சிட்டால் போதும். வேறுபாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் முடிச்சின்மீது குற்றமில்லை. பூட்டு இரண்டு சரங்களில் ஒன்றை மட்டும் பிடிக்கிறது. எது என்று தெரிந்த பிறகு மேலே பேசுவோம்.


ஓடம்போக்கி (திருவாரூர்) எழுதியது:

இவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் இதே தொல்லை வந்தபோது, பூட்டுக்குள் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அன்று மாலையே திரை சீராக ஏறி இறங்கியது.


அரசலாற்றங்கரை எழுதியது:

சோதனை செய்தேன். காலை 8 மணிக்கு இரு முனைகளுக்கும் வேறுபாடு கால் அங்குலம். 9 மணிக்கு 2 அங்குலம். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது மூன்றரை. ஆகவே பூட்டுதான்.

மேற்சட்டத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி, கூடத்தில் பாய் விரித்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்: விரற்கடை கனத்துக்குச் சாம்பல் நிறத் தூசி, அதில் பாதி நெல் தூசியும் சுணையும், வெள்ளையாக இரண்டு பல்லி முட்டைகள், சட்டத்தின் இடக்கோடியில் குளவி கட்டிய மண்கூடு, நல்லவேளையாகக் காலியானது. குளவிக்கூட்டைக் கண்டதும் என் துணைவியார், வீட்டில் குழந்தை வரப்போகிறது, உடைக்காதீர்கள் என்று தடுத்துவிட்டார். மருமகள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கூட்டை உடைக்காமல் சட்டத்தை எப்படித் துடைப்பது என்பது இப்போது இன்னொரு சிக்கல்.

தேங்காய் எண்ணெய் விடலாமா, கூடாதா?


குடமுருட்டி எழுதியது:

விடக் கூடாது. ஓடம்போக்கி ஐயா மன்னிக்க வேண்டும். அன்று மாலை சீரானது உண்மையாகத்தான் இருக்கும், ஆனால் அடுத்த மார்கழியில் என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். நம் பக்கத்தில் மார்கழி, தை விடியற்காலையில் குளியலறைப் புட்டியில் எண்ணெய் கட்டியாக நிற்பதைப் பார்க்கிறோம் அல்லவா? பூட்டுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். அதைவிடப் பெரிய கேடு தூசி. சம்பா அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி, சாலையில் நெல் காயப்போடும்போது எழும் சுணை, இவை அனைத்தும் எண்ணெயில் ஒட்டிப் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெயும் இந்த இடத்துக்கு உதவாது, கயிற்றையும் அழுக்காக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். பழைய பல்துலக்கியால் பூட்டைச் சுற்றி உலர்ந்த நிலையிலேயே தேய்த்து, சைக்கிள் பம்ப்பை வைத்துக் காற்றடித்து ஊதுங்கள். மெல்லிய திருப்புளி முனையால் பல்லுருளையை மேலே தள்ளி விட்டுப் பாருங்கள்; தானாகக் கீழே விழ வேண்டும். விழுந்தால் பூட்டு நலமாக இருக்கிறது. ஒட்டிக்கொண்டு நின்றால் சிலிக்கான் ஸ்பிரேயைத் துணியில் தெளித்து, அந்தத் துணியால் உருளையின் அச்சை மட்டும் துடையுங்கள். பற்கள்மீது படக் கூடாது, பட்டால் கயிறு வழுக்கும். பற்களே மழுங்கியிருந்தால் பூட்டை மட்டும் மாற்றலாம், அது தனியாகக் கிடைக்கும் பொருள்தான்.

கயிற்றையும் கையால் தடவிப் பாருங்கள். பூட்டு அன்றாடம் கடிக்கும் இடத்தில் நூல் பிசிறியிருந்தால், பூட்டைத் துடைத்தும் பயனில்லை. ஒரு சரம் மெலிந்து மற்றது கனமாக இருப்பதாலேயே உருளை கனத்ததை மட்டும் பிடிக்கிறது.


ஓடம்போக்கி எழுதியது:

மார்கழியில் என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டீர்கள். சிக்கிக்கொண்டதுதான். குளிரால் என்று எனக்குத் தோன்றவில்லை, எலி கடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இன்று சட்டத்தைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே அதிரசப் பாகு போல ஒன்று இருக்கிறது. இதை எதைக் கொண்டு கழுவுவது?


குடமுருட்டி எழுதியது:

பூட்டை மட்டும் தனியே கழற்றி, வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தைக் கலந்து ஊற வைத்துத் தேய்த்து, நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். பிளாஸ்டிக் பூட்டு என்றால் தின்னர் பக்கம் போகாதீர்கள்.


வெட்டாறு (நாகூர்) எழுதியது:

கயிறு மாற்றுவதாக இருந்தால் ஒரு யோசனை. எங்கள் ஊரில் வலை பின்னும் நைலான் நூல் எல்லாக் கனத்திலும் கிடைக்கிறது, கடல் தண்ணீரிலேயே கிடந்தும் அறுந்து போவதில்லை. அதையே இழுகயிறாகப் போட்டால் என்ன?


அரசலாற்றங்கரை எழுதியது:

கயிறு பிசிறியிருந்தது உண்மை. வெட்டாறு நண்பர் சொன்னதைப் படித்ததும், கும்பகோணத்திலேயே ஒரு நைலான் நூல்கண்டை வாங்கி வந்து வேலையைத் தொடங்கிவிட்டேன். இப்போது பெரிய தவறு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கயிற்றின் நுனியில் புதியதை முடிச்சுப் போட்டு, அப்படியே இழுத்துப் பழையது வெளியே வரவரப் புதியது உள்ளே போகும் என்று கணக்குப் போட்டேன். முடிச்சு முப்பதாவது பட்டையின் துளையில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் பலமாக இழுத்தேன், முடிச்சு அவிழ்ந்தது. பழைய கயிறு என் கைக்கு வந்துவிட்டது, புதியது பாதியிலேயே நிற்கிறது. பொறுமை இழந்து அதையும் உருவிவிட்டு, கையாலேயே ஒவ்வொரு துளையாகக் கோத்து முடித்து, மாட்டி உயர்த்தினேன். திரை ஏறியது. ஆனால் இறக்கும்போது பட்டைகள் ஒவ்வொன்றாக இடப்பக்கம் நகர்ந்து, இரண்டு பட்டைகள் ஏணிக்கயிற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. வீட்டில் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.


குடமுருட்டி எழுதியது:

கவலை வேண்டாம் ஐயா, முதல் திரையில் நானும் இதே தவறுகளைச் செய்தவன்தான்.

பட்டைகள் ஏன் நகர்கின்றன என்பதை முதலில் சொல்கிறேன். ஏணிக்கயிற்றின் படிகளை உற்றுப் பாருங்கள். இழுகயிறு முதல் படிக்கு வலப்புறமாக இறங்கினால், அடுத்த படிக்கு இடப்புறமாக இறங்க வேண்டும். அதற்கடுத்தது மீண்டும் வலப்புறம். பூத்தொடுப்பவர் நாரை மாற்றி மாற்றிப் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி மாறி மாறிச் சென்றால்தான் கயிறும் படியும் ஒன்றையொன்று தடுத்து, பட்டை இரு பக்கமும் நகராமல் நிற்கும். நீங்கள் எல்லாப் படிகளுக்கும் ஒரே புறமாகக் கோத்திருக்கிறீர்கள். எழுபது பட்டைகளையும் மறுபடி கோக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

ஆனால் கைவிரலால் கோக்காதீர்கள். கட்டடக்காரர்கள் கம்பி கட்டப் பயன்படுத்தும் மெல்லிய கட்டுக்கம்பியை ஒரு முழம் எடுத்து, ஒரு நுனியை மடக்கி ஊசிக்காது போலாக்கிக்கொள்ளுங்கள். திரையை மேசைமீது தட்டையாகக் கிடத்தி, பட்டைகளைச் சற்று அடுக்கினாற்போல் வைத்தால் ஒரே குத்தில் ஐந்தாறு பட்டைகளைக் கோத்துவிடலாம்.

இனிமேல் பழைய கயிற்றைப் பிடித்துப் புதியதை இழுக்க நேர்ந்தால், முடிச்சே கூடாது. இரண்டு நுனிகளையும் தீக்குச்சிச் சுடரில் காட்டி, இளகும்போது நேருக்கு நேர் ஒட்டி, ஈர விரலால் உருட்டுங்கள். அல்லது இரு நுனிகளையும் ஊசி நூலால் தைத்து, மேலே ஒரே ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள். இணைப்பு கயிற்றைவிடக் கனமாக இருக்கக் கூடாது.

வலை நூலைப் பற்றி: வலுவில் அதற்கு நிகரில்லை, ஆனால் வலு இங்கே கேள்வியே இல்லை. நைலான் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் பட்டால் நீளும்; அடைமழைக் காலத்தில் உங்கள் திரை மறுபடியும் சாயும். அதோடு அது முறுக்கு நூல், பூட்டின் பற்களில் பட்டுப் பட்டு முறுக்கு அவிழும். திரைக்கு வேண்டியது பாலியெஸ்டரில் பின்னிய கயிறு, 25 மில்லிமீட்டர்ப் பட்டைக்கு 1.4 மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும்.

கயிற்றை உருவிய கையோடு மடங்கிய பட்டையையும் மாற்றிவிடுங்கள். அலுமினியம் ஒருமுறை மடங்கினால் நிமிர்த்தினாலும் கோடு போகாது. ஆனால் புதிய பட்டைக்கு அலைய வேண்டாம். திரையை முழுதாக இறக்கும்போது கடைசிச் சில பட்டைகள் ஜன்னல் விளிம்பில் அடுக்காகக் குவிந்து கிடக்கின்றனவா? கிடந்தால் அவை மிகுதிப் பட்டைகள். அவற்றில் ஒன்றை நடுவில் செருகி, மடங்கியதை எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தை ஒரு படி மேலே கட்டினால் முடிந்தது.


பாமணியாறு (மன்னார்குடி) எழுதியது:

முழுவதையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். எழுபது பட்டை, இரண்டு கயிறு, ஏணி, பூட்டு, பல்லுருளை என்று ஒரு கடிகாரத்தைப் போய் ஜன்னலில் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டு முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரத்தில் நான்கு மூங்கில் தட்டிகள் தொங்குகின்றன. அவற்றில் இரண்டு என் தகப்பனார் காலத்தவை. ஐப்பசிச் சாரல் கூடத்துக்குள் வராமல் தடுப்பதும் அவைதான், சித்திரை வெயிலில் தண்ணீர் தெளித்தால் காற்றைக் குளிரவைப்பதும் அவைதான்.

பழுது என்றால் இரண்டே வரும். ஒன்று, குச்சிகளைப் பின்னிய நூல் இற்றுப்போகும். பருத்தி நூலாக இருந்தால் மூன்று மழைக்குத் தாங்காது. மேலிருந்து கீழாக அதே தடத்தில் புதிய நூலைப் பின்னிக்கொண்டே பழையதை அறுத்துவிட வேண்டும், முதலிலேயே எல்லாவற்றையும் அறுத்தால் குச்சி மூட்டையாகிவிடும். இன்னொன்று உளுப்பு. தட்டிக்குக் கீழே திண்ணையில் மஞ்சள் மாவு போல விழுந்திருந்தால் வண்டு துளைக்கிறது. அமாவாசையை ஒட்டி வெட்டிய மூங்கில் உளுக்காது என்பார்கள்.


குடமுருட்டி எழுதியது:

தட்டியின் பெருமையை மறுக்கவில்லை. அமாவாசையைப் பற்றி மட்டும் ஒரு சொல். வண்டு தேடி வருவது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தை. வெட்டிய மூங்கிலைச் சில வாரங்கள் குளத்திலோ வாய்க்காலிலோ ஊறப்போட்டால் அந்தச் சத்து கரைந்து போகும். அடுப்படிப் பரணில் புகை பட வைத்தாலும் வண்டு அண்டாது. பழைய வீடுகளில் மூங்கிலைப் பரணில் ஏற்றி வைத்தது அதற்காகத்தான். இப்போது கேஸ் அடுப்புப் பரணில் புகைக்கு எங்கே போவது? வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊற வைக்கும் முறை இருக்கிறது, ஆனால் மழை நேரே படும் இடத்தில் அது மெல்ல மெல்லக் கரைந்துபோகும்.

மேற்கு வெயிலை அளந்து உள்ளே விட வேண்டும் என்றால் திரும்பும் பட்டைக்கு ஈடு இல்லை. தட்டிக்குத் திறப்பு, மூடல் என்ற இரண்டே நிலைதான்.


வெண்ணாறு (தஞ்சாவூர்) எழுதியது:

வணக்கம். இந்த இழையிலேயே என்னுடைய கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். எங்களுடையது உருள்திரை, மணிச்சங்கிலியால் இயங்குவது. இரண்டு தொல்லைகள். சுருட்டும்போது துணி வலப்பக்கமாக ஏறி ஏறி, தாங்கியில் உரசி ஓரம் பிசிறுகிறது. இரண்டாவது, வீடு மாமனாரின் பாட்டனார் கட்டியது. சுண்ணாம்புச் சாந்தும் சிறு செங்கல்லும் வைத்த சுவர். திரைத்தாங்கியின் திருகு இரண்டு முறை பிளாஸ்டிக் பிளக்கோடு பெயர்ந்து வந்துவிட்டது. கொத்தனார் சிமெண்ட் வைத்து அடைத்தார், அந்தச் சிமெண்ட் கட்டியும் சேர்ந்து பெயர்ந்தது.


குடமுருட்டி எழுதியது:

முதலில் சுவரைப் பார்ப்போம் அம்மா, அது நிலைக்காமல் திரை நிலைக்காது. பழைய சாந்து மென்மையானது. சுத்தியல் போல அடித்துக்கொண்டே துளைக்கும் டிரில்லை வைத்தாலே துளை பொக்கையாகிவிடும். அடியை நிறுத்திவிட்டு, சுழற்சியில் மட்டும் துளைக்கச் சொல்லுங்கள். சாந்தில் அன்றி, செங்கல்லின் நடுவில் துளை விழ வேண்டும். ஏற்கெனவே பொக்கையான துளையைச் சதுரமாக்கி, உட்புறம் அகன்றும் வாய்ப்புறம் குறுகியும் இருக்கும்படி வெட்டி, தேக்குக் கட்டை ஒன்றைச் செதுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, ஒரு வாரம் காயவிட்டு அதில் திருகு போடுங்கள். பழைய தச்சர்கள் கதவுக் கொண்டியை இப்படித்தான் பதித்தார்கள். இதைவிட எளிய வழியும் உண்டு: ஜன்னலுக்கு மர நிலை இருந்தால், திரையைச் சுவரில் மாட்டாமல் நிலைக்குள்ளேயே மாட்டிவிடுங்கள். அகலம் ஓர் அங்குலம் குறையும், ஆனால் மரம் திருகை விடாது.

துணி ஒதுங்குவதற்கு: முதலில் ரசமட்டம் வைத்துக் குழல் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் தாங்கி பெயர்ந்து பெயர்ந்து மாட்டப்பட்டிருப்பதால், ஒரு பக்கம் ஏறியிருக்க வாய்ப்பு மிகுதி. மட்டமாக இருந்தும் துணி வலப்பக்கம் போனால், திரையை முழுதாக இறக்கி, தெரியும் குழலின் இடக்கோடியில் ஒரு துண்டு காகித டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். துணி எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஒட்ட வேண்டும். கனம் கூடிய பக்கத்தை நோக்கித் துணி திரும்பும். ஒரு சுற்றுப் போதாவிட்டால் இரண்டாவது சுற்று. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் செய்வதைப் போல, சிறிது சிறிதாகத்தான்.


வெட்டாறு எழுதியது:

உருள்திரை என்றதும் எழுதத் தோன்றியது. எங்களுடையது சங்கிலி இல்லாத வகை, வில் வைத்தது. கடற்காற்றில் மூன்றாண்டுகளில் அதன் வேகம் போய்விட்டது. இழுத்து விட்டால் பாதியிலேயே சோம்பிப்போய் நின்றது. அதை நானே சரிசெய்தேன், முறை எளியது. திரையைப் பாதி இறக்கி, தட்டையான முனை உள்ள பக்கத்தைத் தாங்கியிலிருந்து கழற்றி, துணியைக் கையாலேயே முழுதும் சுருட்டி, மீண்டும் மாட்ட வேண்டும். இப்போது வில்லில் முறுக்கு கூடியிருக்கும். போதாவிட்டால் இன்னொரு முறை. பேராசைப்பட்டு நான்காவது முறையும் சுருட்டினேன். திரை துப்பாக்கி போல மேலே பறந்து என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது. அப்போது நேர்மாறாகச் செய்ய வேண்டும்: சுருட்டிய நிலையில் கழற்றி, கையால் பாதி விரித்து மாட்டினால் முறுக்கு குறையும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு. இரும்பு மேற்சட்டம் வேண்டவே வேண்டாம், திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லாத் திரைகளையும் மேலே சுருட்டிக் கட்டிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டில் ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்து, இறக்கி விட்டிருந்த திரை பாய்மரமாகக் காற்றை வாங்கித் தாங்கியோடு சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனது. சுருட்டியிருந்த பக்கத்து ஜன்னல் திரைக்கு ஒன்றும் ஆகவில்லை.


வெண்ணாறு எழுதியது:

டேப் ஒரு சுற்றிலேயே துணி நேராகிவிட்டது. மிக்க நன்றி ஐயா. தாங்கியை மர நிலைக்கு மாற்றத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன்.

இங்கே பேரன், குழந்தை என்ற சொற்கள் வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. தொங்கும் கயிறும் வளையமாக இருக்கும் சங்கிலியும் சிறு குழந்தைகளின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். வெளிநாடுகளில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்ததால்தான், கடையில் ஆயத்தமாக விற்கும் திரைகளில் கைக்கு எட்டும் கயிறு இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 2018 டிசம்பரிலிருந்து தரநிலையை மாற்றினார்கள். நாம் செய்யக்கூடியது சிறியது. சுவரில் ஒரு கொக்கியைத் தரையிலிருந்து 1.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் அடித்து, திரையை ஏற்றிய பின் மிஞ்சும் கயிற்றை அதில் எட்டு வடிவத்தில் சுற்றி வைக்கலாம். சங்கிலியாக இருந்தால் அது அசையாதபடி சுவரோடு இழுத்துப் பிடிக்கும் பிடிப்பானைப் பொருத்தலாம். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலுக்கு அடியிலிருந்து நகர்த்திவிடுவது இவற்றைவிடப் பயனுள்ளது.

வீட்டில் மிகப் பழைய பிளாஸ்டிக் பட்டைத்திரை இருந்து, அது வெயிலில் நொறுங்கத் தொடங்கியிருந்தால், அதை மட்டும் பழுது பார்க்க வேண்டாம். சில பிளாஸ்டிக் திரைகளில் ஈயம் கலந்திருப்பதையும், வெயிலில் பிளாஸ்டிக் சிதையும்போது அது தூசியாக மேற்பரப்பில் படிவதையும் 1996இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்து எச்சரித்தது. அலுமினியத்துக்கு அந்த அச்சம் இல்லை.


அரசலாற்றங்கரை எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பாலியெஸ்டர் பின்னல் கயிறு கும்பகோணத்தில் மூன்று கடைகளில் கிடைக்கவில்லை. நான்காவதாக, திரைத்துணி தைத்துக் கொடுக்கும் ஒருவரிடம் கிடைத்தது. கயிறும் சிலிக்கான் ஸ்பிரேயும் சேர்த்து 310 ரூபாய், அதில் ஸ்பிரேதான் பெரும்பகுதி. கட்டுக்கம்பி ஊசியை வைத்துக் கோத்தபோது, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து "வலம், இடம், வலம், இடம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நாற்பத்தோராவது படியில் அவன் பேச்சு மாறியது, எனக்கும் மாறியது. அதிலிருந்து ஆறு படிகளைப் பிரித்துக் கோக்க வேண்டியதாயிற்று. மிகுதிப் பட்டை ஐந்து இருந்தது. ஒன்றை எடுத்து நடுவில் செருகினேன்.

கோல் சும்மா சுற்றியதற்கான காரணத்தையும் கண்டுபிடித்தேன். மேற்சட்டத்தின் உள்ளே நீளவாக்கில் ஓர் அறுகோணக் கம்பி இருக்கிறது. கோலைச் சுற்றினால் சிறு பற்சக்கரப் பெட்டி அந்தக் கம்பியைத் திருப்பும், கம்பி ஏணிக்கயிற்றைத் திருப்பும். கம்பியை விரலால் திருப்பிப் பார்த்தேன், பட்டைகள் அழகாகத் திரும்பின. ஆகவே குறை பெட்டியில் இருக்க வேண்டும் என்று எண்ணி, அதைக் கழற்றப்போன இடத்தில்தான் தெரிந்தது: பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பிதான் அரை அங்குலம் இடப்பக்கம் நகர்ந்து பெட்டியின் துளையை விட்டு வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளினேன், மாட்டிக்கொண்டது. மறுபடி நகராமல் இருக்க என்ன செய்வதென்று யோசித்து, சைக்கிள் வால்டியூபில் ஒரு சிறு துண்டு வெட்டிக் கம்பியின்மேல் ஏற்றி, பெட்டியை ஒட்டி நிறுத்தியிருக்கிறேன். இது சரியான முறையா என்று குடமுருட்டி நண்பர் சொல்ல வேண்டும்.


குடமுருட்டி எழுதியது:

சரியான முறைதான் ஐயா. கம்பெனிக்காரர் போடும் பிளாஸ்டிக் வளையம் வெயிலில் வெடித்திருக்கும், அதனால்தான் கம்பி நகர்ந்தது. வால்டியூப் ரப்பரும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இறுகிப்போகும், அப்போது மாற்றிக்கொள்ளுங்கள். சாய்வு இருக்கிறதா?


அரசலாற்றங்கரை எழுதியது:

நேற்றுக் காலை 8 மணிக்கு நிறுத்தி, மாலை 6 மணிக்கு அளந்தேன். இரு பக்கமும் ஒரே அளவு.

நடுவில் செருகிய பட்டை மட்டும் தனியாகத் தெரிகிறது. கீழே அடுக்கில் வெயில் படாமல் கிடந்ததால், 9 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அந்தப் பாலாடை நிறத்தோடேயே இருக்கிறது, மற்றவை வெளுத்துவிட்டன. அதை மேலே கொண்டுபோய் மறைத்துவிடலாம், ஆனால் இன்னொரு முறை கயிற்றை உருவ எனக்குத் தெம்பில்லை. குளவிக்கூடு சட்டத்தின் இடக்கோடியில் அப்படியே இருக்கிறது.